மிதித்த கால்

எருத்தேன்பதியில் நாச்சிமுத்துவின் தாத்தா காலத்துக் கார் வாசலில் நின்று இருமுகிறது. எஞ்சின் சூடாகும்வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் அணைந்துவிடும், மறுபடி கிளம்ப அடுத்த அமாவாசை ஆகும். பெண் இந்தக் காரில்தான் மண்டபத்தில் வந்து இறங்கும் என்று சம்பந்தியிடம் சொல்லியாயிற்று. இதற்குள் கோவிந்தாபுரம் பஸ் இரண்டு நடை போய்த் திரும்பிவிட்டது; பஸ் டிரைவர் இடையில் சவரமும் செய்துகொண்டுவிட்டார். பானெட்டின் நடுக்கத்தில் சாமந்தி மாலை இதழிதழாக உதிர்கிறது. பின்சீட்டில் மணப்பெண் சிவசங்கரி பட்டுத் தலைப்பால் புகையை விசிறுகிறாள்.

“ஏனுங்க, இன்னும் சூடாகலீங்களா?” என்கிறாள் மனைவி.

“ஆகுது, பொறு,” என்கிறார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நாச்சிமுத்து.

“அதுக்குள்ள மாப்பிள்ளை ஆறிப்போயிருவாருங்க.”

மகளை இறக்கி, தெருமுனை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். “தாரை வார்க்க நீங்க வேணுமுங்க. இறங்குங்க.”

ஆட்டோவிலிருந்து மகளும் எட்டிப் பார்க்கிறாள். நாச்சிமுத்து குனிந்து தன் வலது காலைப் பார்க்கிறார். அது வேறு யாருடைய காலோ போல மிதித்துக்கொண்டே இருக்கிறது.