ஞாயிற்றுக்கிழமை ஜெபம் யாருக்கு?

கிர்கிஸ்தான் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சபையின் மூப்பர் ஆரோன் வீபெ வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், நாற்பது வரிசை உருளைக்கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்துவிடும். வேலியில் சாய்ந்திருக்கும் கிர்கிஸ் நண்பன் ஜுமாபெக் நம்பவில்லை. "யோவ், நீ டிராக்டர் ஓட்டுனதவிட புளுகுனதுதான்யா அதிகம்!" "பேசாம பாரு" என்கிறேன். மதிய வெயிலில் மலைப்பனி கண்ணைக் கூசவைக்கிறது. சபை வயலில் பெண்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். சுளுக்கிய மணிக்கட்டில் துணி சுற்றிய யுஸ்டினா, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தே விடுகிறாள். வயலோரம் வரும் மூப்பர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தேன் சொட்டும் குரலில் கேட்கிறார்: "அம்மாமாரே, இந்த ஞாயித்துக்கிழமை யாரோட சோம்பலுக்காக ஜெபம் பண்ணலாம்?" பெயர் சொல்லப்பட்டவள் சபை நடுவே முழங்காலிட வேண்டும், முந்நூறு பேரும் அவள் சோம்பலைச் சத்தமாகக் கர்த்தரிடம் முறையிடுவார்கள். யுஸ்டினாவின் மகளைப் பெண் கேட்டிருக்கும் குடும்பமும் அந்த முந்நூறில் அடக்கம். அவள் துள்ளி எழுகிறாள். மண்வெட்டிகள் பறக்கின்றன. கிழங்குகள் காடைக் கூட்டம்போல எகிறுகின்றன. நாலைந்து கிழங்கு மலைதாண்டிச் சீனாவிலேயே விழுந்திருக்கும். ஒருத்தியும் நிமிரவில்லை. பாப்ளர் மரங்களின் நிழல் வயலைத் தொடுவதற்குள் நாற்பது வரிசையும் முடிகிறது. யுஸ்டினாவின் கை முழங்கைவரை வீங்கியிருக்கிறது. அடுத்த வரிசை மரியா மூச்சிரைக்க முன்னே வருகிறாள். "மூப்பரே, நான் உக்காரவே இல்ல. உக்காந்தது யுஸ்டினாதான்." மூப்பர் யுஸ்டினாவின் தலையில் மெல்லக் கைவைக்கிறார். "அப்ப உனக்காகவே ஜெபிப்போம், மகளே." நான் வெற்றிக் களிப்போடு திரும்புகிறேன். ஜுமாபெக் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நடந்துச்சுய்யா," என்கிறான். "ஒரு கேள்விதான் கேட்டாரு."