நாச்சாரத்தில் வந்த தண்ணீர்

நாச்சாரத்தில் மூடிக்கிடந்த சாயத் தொழிற்சாலையின் பின்புறம் கழிவுநீர் வருவதாகப் புகார் வந்ததால் மாதிரி எடுக்க, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஸ்ரீலேகா போனாள். அவளுடைய அப்பா ஜெயராம் 2001-இல் அங்கேதான் பாய்லர் வெடித்து இறந்தார். அதற்குப் பிறகு ஆலை திறக்கவே இல்லை.

வறண்டிருக்க வேண்டிய குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பாட்டிலில் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சாய நெடி இல்லை, சோப்பு வாசனை அடித்தது.

"உள்ள யாரோ குளிக்கறாங்க மேடம்," என்றார் டிரைவர் யாதகிரி.

கேட்டில் வைத்த சீல் அப்படியே இருந்தது.

அப்போது லோத்குண்டா வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"லேகா, அப்பா பேசினார்டி! ஷிஃப்ட் முடிஞ்சுதாம். குளிச்சுட்டு உன்னோடயே வந்துடறாராம்."

குழாயில் தண்ணீர் நின்றது.

ஸ்ரீலேகா அழுதுகொண்டே ஜீப்பின் பின்சீட்டிலிருந்த பாட்டில்களைக் கீழே இறக்கி, இடம் பண்ணினாள்.