கதவு சாத்தும் சத்தம்

"ஏம்மா, இந்தக் கண்றாவியையா வாங்கப்போறே?"

முன்பின் தெரியாத பெரியவர். பக்கத்து மேஜையில் வேறொரு காருக்கு முன்பணம் கட்டிவிட்டு, அந்த நிம்மதியில் ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பியிருந்தார்.

கண்றாவி என்று அவர் சொன்னது, விற்பனைக்கூடத்தின் மூலையில் கடுகு மஞ்சள் நிறத்தில் நின்ற ஒரு குட்டி கிராஸ்ஓவரை. காரும் ஆகாமல் ஜீப்பும் ஆகாமல் பாதியில் நின்றுபோன வண்டி.

அழகு என்று நானும் சொல்லமாட்டேன். தும்மல் வந்து வராமல் போனவரின் முகம் அதற்கு.

"வண்டி வாத்தியார் வீடியோ பாக்கலையா நீ?"

"பாத்திருக்கேன்" என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. கைப்பேசியை என் மூக்குக்குக் கீழே நீட்டினார். திரை முழுக்க விரல் எண்ணெய்.

நான் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். காலை முழுக்க ஊராரின் மலத்தையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துவிட்டு, மத்தியானம் அடுத்த அறையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன். எனக்குக் குமட்டல் அவ்வளவு லேசில் வராது.

திரையில் வண்டி வாத்தியார் செருமினார்.

குமட்டியது.

எப்போதும் அப்படித்தான் தொடங்குவார். தொண்டையிலிருந்து எதையோ மேலே இழுத்து, ஒரு கணம் யோசித்து, மறுபடி உள்ளே அனுப்பிவிட்டு, "நண்பர்களே" என்பார். அண்டை நாட்டின் மேல் போர் தொடுக்கப்போகிற தோரணை.

பிறகு விரலை நாக்கில் தொட்டு, அதே விரலால் டேஷ்போர்டைத் தேய்த்தார். "பிளாஸ்டிக், நண்பர்களே. வெறும் பிளாஸ்டிக்." சந்தனக்கட்டையில் இழைத்திருப்பார்கள் என்று நம்பி வந்து ஏமாந்தவர் போல நொந்துகொண்டார்.

பின் சீட்டில் முழங்கால் இடிக்கிறது. பின்னால் ஏசி வருவதில்லை. மேடு ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது.

இதையெல்லாம் இணையத்தில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மற்றவர்கள் குறை சொன்னதோடு விட்டுவிட்டார்கள். வாத்தியார் நாறடித்தார்.

கடைசியாகக் கதவைப் படாரென்று சாத்திக் காட்டினார்.

"குப்பைத்தொட்டி மூடி" என்று அவர் சொல்வதற்குள் என் வாய் சொல்லிவிட்டது.

"மனப்பாடமாவே வச்சிருக்கியேம்மா" என்றார் பெரியவர். என் மேல் அவருக்குத் திடீர் மரியாதை. "அப்புறமும் இதுதான் வேணுமா?"

விற்பனைப் பெண் ஆடை படிந்த டீயைக் காகிதக் கோப்பையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அந்த வீடியோவுக்குப் பிறகு இந்த வண்டியைக் கேட்டு வந்தவள் நான் ஒருத்திதானாம். விற்றாக வேண்டிய அவளுக்கே என்னைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், எனக்கு யாரும் எதையும் விளக்காத ஓர் இடம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. ஓட்டுவது நான். பக்கத்து சீட்டில் விளக்கவுரை நடக்கும். கியர், கிளட்ச், என் பிறந்த வீட்டாரின் குணம். இறங்கி வீட்டுக்குள் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே மிச்சம் நடக்கும்.

அதனால்தான் நல்ல வண்டிகளை எல்லாம் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு இங்கே வந்திருந்தேன். நல்ல வண்டி என்றால் யார் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

"வீடியோ கடைசி வரைக்கும் ஓடட்டும்" என்றேன்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நீலச் சட்டையில் பட்டன் போன இடத்தை ஓர் ஊக்கு பிடித்திருந்தது. ஆவேசத்தில் தெறித்த எச்சில் துளி ஒன்று கேமராவில் ஒட்டி, துடைக்க ஆளில்லாமல் அங்கேயே நின்றது.

"இதை எனக்குச் சும்மா குடுத்தாலும் உள்ள காலெடுத்து வைக்கமாட்டேன். என்னை நம்புற உங்க எல்லார் மேலயும் சத்தியம்."

"சொன்ன சொல் மாறுவாரா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

அவர் புண்பட்டுப்போனார். "வாத்தியாரா? ஊரே பாத்துக்கிட்டு இருக்கும்மா. மாறினா நாங்க விட்டுடுவோமா?"

அது போதும். விற்பனைப் பெண் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் என்னைத் தலைமுழுகிய முகத்தோடு கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். என் கைப்பேசி அடித்தது. ஒரு கையில் விற்பனைப் பெண் கொடுத்த டீ இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் ஒரு செருமல்.

பெரியவர் தன் சட்டைப்பையைக் குனிந்து பார்த்தார். கைப்பேசியை வெளியே எடுத்துப் பார்த்தார். அது இருண்டு கிடந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சே? அந்த நீலச் சட்டைக்குப் பட்டன் தைச்சியா இல்லையா?"

"வண்டி வாங்கிட்டு இருக்கேன்."

"என்னைக் கேக்காமயா? எந்த வண்டி?"

"நீங்க சத்தியம் பண்ணின வண்டி."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அந்தப் பக்கத்தில் பேச்சில்லை. பெரியவரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

கதவை இழுத்துச் சாத்தினேன்.

குப்பைத்தொட்டி மூடி போலத்தான் இருந்தது சத்தம். நன்றாக மூடியது.