ஆதிகாலத்துச் சிப்பி

"கடல் காத்து ரயில் ரோடு வரைக்கும்தான் வரும் அம்மணி. அதைத் தாண்ட அதுக்கு டிக்கெட் கிடையாது," என்றார் ரஸ்ஸல் பெங்கில்லி.

கிரிக்கெட் கிளப் கூடத்தில் கூடியிருந்த ஒயின் சங்க உறுப்பினர்கள் ஒன்பது பேரும் சிரித்தார்கள். சங்கத் தலைவர் ஜோக் அடித்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும்?

டெஸ்பினா சிரிக்கவில்லை. ரயில் ரோட்டுக்குக் கிழக்கே அவளுக்குப் பதினோரு ஏக்கர் திராட்சைத் தோட்டம். 'கெட்டில் முனை' என்ற பெயரை எந்தெந்தத் தோட்டத்து ஒயினில் போடலாம் என்று இன்று கோடு கிழிக்கிறார்கள். கோடு ரயில் ரோட்டோடு நின்றால் அவளுடையது ஊர் பேர் இல்லாத ஒயின். மெல்போர்ன் வியாபாரி சீந்த மாட்டார். நிலத்தை விற்க வேண்டியதுதான். வாங்கிக்கொள்ள பெங்கில்லி ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

அவர் அடிலெய்டில் வக்கீலாக இருந்தவர். கடலோரம் நிலம் வாங்கிய மறுநாளே ஒயின் பண்டிதராகிவிட்டார். அவருடைய பூட்ஸில் மண் ஒட்டி யாரும் பார்த்ததில்லை. ஆனால் மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்குக் காது வலிக்கும். 'எங்கள் மண்ணை ஒரு பிடி அள்ளினால் ஆதிகாலத்துச் சிப்பி கிடைக்கும்' என்று லேபிளிலேயே அச்சடித்திருந்தார்.

"எங்க மண்ணும் அதே சுண்ணாம்பு மண்ணுதான். தோண்டிப் பாருங்க," என்றாள் டெஸ்பினா.

தோண்டியாகிவிட்டது. மண் ஆய்வாளர் கெர்ஸ்டின் இரண்டு தோட்டங்களிலும் அவரவர் ஆட்கள் காட்டிய இடத்தில் குழி வெட்டி, தோட்டத்துக்கு ஒரு தட்டாக மண் கொண்டுவந்திருந்தாள். தட்டில் எண் மட்டும்தான். பெயர்கள் ஒட்டி மூடிய உறைக்குள் இருந்தன. ஒயின் போட்டியில் லேபிளை மறைத்துவிட்டு ருசி பார்ப்பது போல மண்ணையும் பார்க்க வேண்டும் என்பது பெங்கில்லியின் யோசனை. தீர்ப்பு சொல்லும்வரை கெர்ஸ்டின் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனைதான்.

ஒன்றாம் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை ஒயின் கிளாஸில் போட்டுச் சுழற்றினார். மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பு. அலை. இதுதான் கெட்டில் முனை. இதுல கடல் தெரியலைன்னா அவன் பீர் குடிக்கப் போகலாம்."

இரண்டாம் தட்டில் மண்ணோடு முழுசு முழுசாகச் சிப்பிகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் கத்தி வைத்துத் திறந்த தடம். உட்புறம் ஓர் எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அம்மணி, ஆதிகாலத்துலயும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுதான் சாப்பிட்டாங்களா?"

கூடமே அதிர்ந்தது. டெஸ்பினாவின் முகம் சிவந்துவிட்டது. தான் எதையும் புதைக்கவில்லை என்று அவள் சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை.

"யாரா இருந்தா என்ன? தின்ன சிப்பியைப் புதைச்சு ஊரை ஏமாத்துறவங்க நிலம் கோட்டுக்கு வெளிய. ஒண்ணாம் தட்டு உள்ள. தீர்மானமா எழுதிக்கோங்க. எல்லாரும் கை தூக்குங்க."

ஒன்பது கைகளும் உயர்ந்தன. பெங்கில்லி இரண்டு கைகளையும் தூக்கினார்.

கெர்ஸ்டின் உறையைப் பிரித்தாள். "ஒண்ணு, டெஸ்பினா. ரெண்டு, பெங்கில்லி எஸ்டேட்."

பெங்கில்லி மேஜையைத் தட்டினார். "இது சதி. என் மண்ணுல இதை எவன் புதைச்சான்?"

பின்வரிசையில் அவருடைய தோட்டத்து மேஸ்திரி ட்ரெவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"நான்தான் சார். லேபிள்ல போட்ட சிப்பி எங்கேன்னு டூரிஸ்ட்டுங்க உயிரை வாங்குறாங்க, ஏதாவது பண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம ரெஸ்டாரன்ட்ல சனிக்கிழமை நீங்க சாப்பிட்டுப் போட்டதுதான் அது."