அடங்காத கொதி
உலைக்காரர் நீலக்கண்ணாடி வழியே நெருப்புக்குள் பார்க்கிறார். இரும்பிலுள்ள கரி எரிந்து தீர்ந்தால் கொதி அடங்கி, மேலே மிதக்கும் கசடு எண்ணெய்போல அசையாமல் கிடக்கும். அப்புறம்தான் எஃகை வார்க்கலாம். இப்போது எல்லாம் அடங்கிவிட்டது. முதல் கதவருகே மட்டும் ஒரு குமிழி, மூச்சு வாங்குவதுபோல எழுந்து எழுந்து உடைகிறது. போன மாதம் அவருடைய அண்ணன் கால் இடறி உள்ளே போனது அந்தக் கதவு வழியாகத்தான். "எட்டித்தான் பிடிச்சேன், கை வழுக்கிடுச்சு" என்று மைத்துனன் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அடுத்த கதவில் சுண்ணாம்பு வாரிப்போட நிற்கிறவன் அவன்தான். "போதும்ணே, வார்க்கணும், விட்டுடு" என்கிறார் உலைக்காரர், குமிழியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில். குமிழி அடங்குகிறது. அவர் நெற்றியைத் துடைப்பதற்குள் மண்வாரி கீழே விழும் சத்தம். "மச்சான்... அது இப்போ என் கதவுக்கு வந்துடுச்சு."