கப்பலுக்கு முன் ஒரு கிணறு

"இன்னாத்த யோசிச்சிக்கினு நிக்கிற? தண்ணி வெதுவெதுன்னு இருக்குது. குதி வாணி."

கிணற்றுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. எதிர் மூலையில், படியோரமாக, கழுத்தளவுத் தண்ணீரில் அவள் தலை மட்டும் தெரிந்தது.

நான் மேலே நின்றேன். கயிற்றின் ஒரு முனை மோட்டார் கொட்டகைத் தூணில், மறுமுனை என் இடுப்பில். முதுகில் மிதப்பதற்காக ஒரு காலி பிளாஸ்டிக் கேன். எல்லாம் தயார், கால்தான் நகர மாட்டேன் என்றது.

மார்கழி விடியல். கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த காற்று காதை அறுத்தது. கிணற்றின் மேல் ஆவி புகைந்துகொண்டிருந்தது.

அந்த ஆவியைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. கிணற்றில் இல்லை, அந்தமான் கடலில். பனிக்காலத்தில் தரைப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசும்போது கடல் தன் சூட்டை ஆவியோடு சேர்த்துக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. எவ்வளவு கொடுக்கிறது என்று நாலு வருடமாகக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன். அது சரியா என்று பார்க்க, கப்பலில் போய் அளந்தே ஆக வேண்டும்.

கப்பலில் ஏற நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமாம். சோதனை திங்கட்கிழமை, சென்னையில்.

கடலைப் படித்தவளுக்கு நீச்சல் தெரியாது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? தேறாவிட்டால் என் இடத்தில், என்னோடு ஆராய்ச்சி செய்யும் சரத்குமார் போவான். நல்ல பையன்தான். ஆனால் அது என் கடல்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இவ்ளோதான? வா, நான் கத்துத் தரேன். சின்ன வயசுல அந்தக் கெணத்துல நான் போடாத ஆட்டமா?"

கிணறு ஆதிமூலத்தினுடையது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கொல்லையில் களையெடுப்பவள் அம்மா. நேற்றுப் போய்க் கேட்டதும், மோட்டார் போடுவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

மூக்கில் தண்ணீர் ஏறியது. கீழே கீழே போனேன். கேன் என்னை இழுத்து மேலே கொண்டுவந்தது. அம்மா சொன்னது நிஜம்தான், வெளியே இருந்த குளிருக்கு உள்ளே இதமாக இருந்தது. காலை உதைக்கச் சொல்லி அவள் கத்துவது கேட்டது. உதைத்தேன். இருமினேன், மறுபடி உதைத்தேன். செத்தாலும் சரத்குமாருக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று உதைத்தேன்.

அம்மாவின் தோள் கைக்கு அகப்பட்டது. முழுக் கிணற்றையும் கடந்திருந்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது.

"நீயும் வாம்மா. ரெண்டு பேருமா அந்தப் பக்கம் போலாம்" என்றேன்.

அவள் அசையவில்லை.

தண்ணீர் தெளிவாக இருந்தது. உள்ளே அவளுடைய இரண்டு கால்களும் படிக்கல்லில் ஊன்றியிருந்தன. ஒரு கை சுவரோரக் குழாயைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தது.

நான் எங்கே பார்க்கிறேன் என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாக்குற? ஏறிப் போய் இன்னொரு வாட்டி குதி."

அவள் உதடு குளிரில் நடுங்கியது. கடல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூட்டை இழக்கும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அம்மா எவ்வளவு நேரமாகத் தண்ணீரில் நிற்கிறாள் என்று யோசிக்கத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. படியேறினேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது. அம்மாவின் சின்ன வயதில் எங்கள் தெரு ஆட்கள் இந்தக் கிணற்றில் கால் நனைக்கக்கூட முடியாது. தாகமென்றால் மேலே நின்று கையேந்த வேண்டும், வேறு யாராவது ஊற்றுவார்கள்.

அவள் இந்தத் தண்ணீரில் இறங்கியதே இன்றைக்குத்தான். எனக்கு முன்னால் இறங்கினாள். இடுப்பில் ஒரு கயிறுகூடக் கட்டிக்கொள்ளவில்லை.