ஒரே வயரில் கரண்டும் கதையும்

"எனக்கென்ன குறை? ராசா மாதிரி இருக்கிறன். நீர் அவசரப்படாமல் நில்லும்."

பரமலிங்கம் போனில் இப்படி அளந்துகொண்டிருந்தபோது, குசினிச் சட்டியில் தேங்காய்ப்பால் சொதி இன்றைக்கும் திரைந்துபோய்க் கிடந்தது.

மனைவி குணலட்சுமி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போனவள். இன்னும் ஆறு மாதம் நிற்கச் சொல்லி மகள் மறிக்கிறாள். நிற்கட்டோ வரட்டோ என்று கேட்கத்தான் இப்போது எடுத்திருந்தாள்.

'வாரும்' என்ற ஒரு சொல் போதும். அதற்குத்தான் வாய் வரவில்லை. மானிப்பாயில் அரைவாசி வீடுகளுக்கு வயறிங் செய்த மனுசன், பெண்சாதியிடம் கெஞ்சுவதா?

கெஞ்சுவதற்கு அவருக்கு வேறு இடம் இருந்தது. கள்ளருக்குப் பயந்து மகள் விறாந்தையில் பூட்டுவித்த கமரா. பூட்ட வந்த பொடியன் கஜீபன் மெல்லிய நீல வயர் ஒன்றை மட்டும் கொழுவிவிட்டு ஏணியால் இறங்கினான். கரண்ட் வயர் எங்கே என்று கேட்டதற்கு,

"உந்த ஒரு வயருக்குள்ளையே கரண்டும் வரும், இஞ்சை கதைக்கிற கதையும் மகளிட்டைப் போகும் ஐயா" என்றான்.

ஆருக்குக் காது குத்துகிறான்? ரெலிபோன் வயர் மாதிரி ஒன்று, அதற்குள் கரண்டாம். பரமலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். தோட்டத்து வெருளிதான் இது, கள்ளனுக்குக் காட்ட வைத்தது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

வெருளிக்கு முன்னால் என்ன வெட்கம்? பின்னேரங்களில் வெறும் மேலோடு கதிரையை அதற்கு நேரே இழுத்துப் போட்டு இருப்பார். சொதி திரைகிறது என்று முறையிட்டார். நுளம்புவலை கட்டத் தெரியவில்லை என்று திட்டினார். நேற்று, மூக்கைச் சிந்திச் சிந்தி, "வாரும் குணம், ஏலாமல் கிடக்கு" என்றும் சொல்லிப்போட்டார்.

போனில் குணலட்சுமி தானே முடிவைச் சொன்னாள்.

"வாற கிழமை வாறன். அதுவரைக்கும், தேசிப்புளி விட்ட சொதியைத் திரும்ப அடுப்பிலை வைக்காதேங்கோ. அதுதான் திரையுது."

"ஓம், ஓம்" என்று போனை வைத்தார். சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. குசினிக்குப் போய்ச் சட்டியைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

சொதியைப் பற்றி அவளிடம் அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

மெல்ல விறாந்தைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கமரா அவரைப் பார்த்தது.

பரமலிங்கம் உள்ளே போய், சேட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, கதிரையில் இருந்தார்.